நம்பர்காரியின் நாலு ஏக்கர்

என் தம்பி பெண்டாட்டியைப் பற்றி நான் நல்லவிதமாக நாலு வார்த்தை சொல்வேன் என்று பத்து வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால், அவர்களுக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்திருப்பேன். எங்களுக்குள் அப்படி ஒரு பொருத்தம். இத்தனைக்கும் முப்பது வருஷத்தில் நாங்கள் ஒரு தடவைகூடச் சண்டை போட்டதில்லை. சண்டை என்றால் இரண்டு பேரும் பேச வேண்டுமே, அவள் எங்கே பேசினாள்? நான் ஒருத்தியே கத்துவேன். அவள் துணியை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கத்தி முடித்துத் தொண்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். இப்படிப்பட்ட ஆளோடு என்னத்தைச் சண்டை போடுவது?

அவள் வேலை பார்த்தது ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில். முப்பத்தோரு வருஷம். வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளைத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு அனுப்புகிற இடம். எது எந்த வார்டுக்குப் போக வேண்டும் என்று தெரிய, ஒவ்வொரு விரிப்பின் ஓரத்திலும் அழியாத மையில் ஒரு நம்பர் எழுத வேண்டும். அந்த வேலை இவளுடையது. அதனால் அங்கே எல்லாருக்கும் இவள் நம்பர்காரி. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தலையணை உறை, துண்டு, குடை, கரண்டி எல்லாவற்றிலும் நம்பர். என் தம்பி முதுகில் மட்டும்தான் எழுதவில்லை.

தம்பி அதே ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டினான். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் உருப்படியாக ஏதாவது செய்வான் என்று பார்த்தால், ஊருக்கு வெளியே நாலு ஏக்கர் காடு வாங்கப் போகிறேன் என்று வந்து நின்றான். காடு! வீடு கட்ட முடியாது, விதைக்க முடியாது, யாரோ எப்போதோ நட்டுவிட்டுப் போன மரங்களும் முள்ளும்தான். பணம் பாதிதான் இருந்தது. மீதியைக் கேட்டு என்னிடம் வந்தான். நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பத்துநாலு வருஷம் எழுத்தர் வேலை பார்த்துச் சேர்த்தது. தம்பி ஆயிற்றே, மனசு கேட்கவில்லை, கொடுத்தேன். ஆனால் நான் ஒன்றும் ஏமாளி இல்லை. பாதி என் பேரில் எழுது என்றேன். எழுதினான். இரண்டே வருஷத்தில் ஒரு நாள் காலையில் மார்பு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவன் பாதி அவளுக்கு வந்தது. ஆக, நாலு ஏக்கர் காட்டுக்கு நாங்கள் இரண்டு பேர் சொந்தக்காரிகள்.

அவளும் ஓய்வு பெற்ற பிறகு தினமும் அங்கே போக ஆரம்பித்தாள். பஸ்ஸில் நாற்பது நிமிஷம், இறங்கிப் பத்து நிமிஷ நடை. ஆஸ்பத்திரி கழித்துப்போட்ட பழைய விரிப்புகளை வாங்கி, இரண்டு விரல் அகலத்தில் நாடாவாகக் கிழித்து, அதில் தன் மையால் நம்பர் எழுதி, ஒவ்வொரு மரத்திலும் மார்பு உயரத்தில் கட்டினாள். ஒன்றிலிருந்து ஆரம்பித்து அறுநூற்றுப் பன்னிரண்டு வரை. ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்திருந்தாள். எந்த நம்பர் மரம் சாய்கிறது, எதில் பூச்சி விழுந்திருக்கிறது, எதில் மரங்கொத்தி பொந்து போட்டிருக்கிறது, எல்லாம் அதில் இருக்கும். எந்த வார்டில் போய்ப் படுக்க வேண்டும் என்று மரங்களிடமும் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். சிரிக்கக்கூட இல்லை, நாடாக்களை மடித்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் ஓய்வு பெற்றபின் என் மகள் வீட்டில் இருந்தேன். மகள் தங்கம், மருமகன் அதைவிட நல்லவர். ஆனால் இருப்பது இரண்டே அறை. எனக்கு ஹால். இரவு எல்லாரும் டி.வி. பார்த்து முடிக்கும்வரை நான் தூக்கம் வராதவள் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். காலையில் மருமகன் வேலைக்குக் கிளம்பும்போது, என்னை எழுப்பிவிடக் கூடாதே என்று செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பார். நான் தூங்குகிறவள் மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அவருடைய வீட்டில் அவர் திருடன் மாதிரி நடக்கிறார், நான் அதற்குக் காரணம். எனக்கென்று ஒரு கதவு வேண்டும், உள்ளே போய்ச் சாத்திக்கொள்ள ஒரு தாழ்ப்பாள் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. வேறு எந்த ஆசையும் எனக்கு இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு மர வியாபாரி வந்தார். நாலு ஏக்கரையும் அப்படியே வாங்கிக்கொள்கிறேன், மரத்தை வெட்டிவிட்டு இடத்தை லாரி நிறுத்த வைத்துக்கொள்வேன் என்றார். அவர் சொன்ன விலையில் என் பாதிக்கு ஒரு ஒற்றை அறை ஃபிளாட் வரும். போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். மூன்றாவது மாடி, சமையலுக்கு ஒரு மூலை, ஒரு ஜன்னல், ஒரு கதவு. அந்தக் கதவைத் தொட்டுப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

நம்பர்காரியிடம் போய்ச் சொன்னேன். விற்க வேண்டுமென்றால் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டுமே. அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். வன அலுவலகத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கையால் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். சின்ன அளவில் தனியார் காடு வைத்திருப்பவர்களுக்கு மானியம் உண்டு. முள்புதரை எடுக்க, நெருக்கமாக நிற்கிற மரங்களைக் களைய, புதுக் கன்று நட, வேலி போட, எல்லாவற்றுக்கும் முக்கால் செலவை அவர்களே தருவார்கள். பராமரிப்புக்கு என்று ஐந்து வருஷம் தனியாக ஒரு தொகையும் வரும். அது வந்துவிட்டால் காடு தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும், எனக்கும் வருஷா வருஷம் ஏதாவது கொடுத்துவிடுவேன் என்றாள்.

“கிடைக்கலைன்னா?” என்று கேட்டேன்.

“கிடைக்கலைன்னா நான் கையெழுத்துப் போட்டுடறேன், அண்ணி.”

பேசாதவள் பேசினால் அது கல்லில் வெட்டின மாதிரி. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. சரி என்றேன். அப்படி என்னதான் இருக்கிறது அந்தக் காட்டில், மனுஷி இப்படி உயிரை விடுகிறாய் என்று வாய் சும்மா இருக்காமல் கேட்டும் விட்டேன். அதற்கு அவள், முப்பத்தோரு வருஷமாகத் தான் எழுதின நம்பரெல்லாம் அடுத்தவர்கள் படுக்கிற விரிப்பில் எழுதியது, தனக்கென்று நம்பர் போட்டது இந்த ஒன்றுதான் என்றாள். அந்தத் தாளை வாங்கி நானும் ஒரு தடவை படித்தேன்.

விண்ணப்பம் இருபத்திரண்டு பக்கம். அவள் கையெழுத்து விரிப்பில் எழுதியே பழகிக் கொட்டை கொட்டையாக இருக்கும், கட்டத்துக்குள் அடங்காது. அதனால் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. என் கையெழுத்தை மூன்று தலைமை ஆசிரியர்கள் பாராட்டியிருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினோம். ‘உங்கள் காட்டின் நோக்கம் என்ன?’ என்று ஒரு கேள்வி. காட்டுக்கு என்ன நோக்கம் இருக்கும், நிற்பதுதான் நோக்கம் என்றேன். அவள் அதை மூன்று நாள் யோசித்தாள். கடைசியில் ‘இருக்கிற மரங்கள் நன்றாக இருக்க வேண்டும்’ என்று எழுதச் சொன்னாள். ‘மரங்களின் எண்ணிக்கை, தோராயமாக’ என்று இன்னொன்று. தோராயமாவது ஒன்றாவது, 612 என்று எழுதினேன். ‘செத்து நிற்கும் மரங்கள்’ என்று கேட்டிருந்தார்கள். ஏழு, அவற்றின் நம்பர்களோடு. ‘பரவியுள்ள அயல் புதர்’ என்ற இடத்தில் அந்த முள்ளுக்கு ஒன்றரை ஏக்கர், வரைபடத்தில் கோடு போட்டு.

கடைசிப் பக்கத்தில் நிபந்தனைகள். அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்க, நான்தான் உரக்கப் படித்தேன். பதினாலாவது நிபந்தனை: அனுமதிக் கடிதம் கைக்கு வரும் முன் எந்த வேலையும் தொடங்கக் கூடாது. என் வாயால்தான் படித்தேன். அதை மறைக்க மாட்டேன்.

எழுத எழுத எனக்குள் ஒரு கோணல் புத்தி வந்துவிட்டது. ஃபிளாட்டும் வேண்டும். ஆனால் அந்த விண்ணப்பம் தோற்றுப்போகவும் கூடாது. என் கையெழுத்தாயிற்றே! அதற்கு மேல், ராத்திரி படுத்தால் அந்தக் காட்டின் வரைபடம் கண்ணுக்குள் வந்து நின்றது. எந்த மூலையில் எந்த நம்பர் என்று எனக்கே பாடமாகிவிட்டது. நான் அவள் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது, தெரிந்திருந்தால் சாய்ந்திருக்க மாட்டேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி நேரில் வந்து காட்டைப் பார்ப்பார். நில வரைபடத்தின் முத்திரை போட்ட நகல் ஒன்று தயாராக இருக்க வேண்டும். அதை வாங்க நம்பர்காரி புதன்கிழமை விடிந்ததும் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டாள். அங்கே வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு வர நாள் முழுக்க ஆகும். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நாளைக்கு ஆள் வரும் இடம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவோம் என்று பஸ் ஏறினேன்.

போய்ப் பார்த்தேன், எனக்கு மயக்கமே வந்துவிட்டது. வாசல் மாதிரி இருக்கிற இடத்திலேயே முள் இடுப்பளவு நிற்கிறது. உள்ளே போனால் பாதை முழுக்கச் சருகு, விழுந்த கிளை. செத்த மரங்கள் ஏழும் பல்லை இளித்துக்கொண்டு நிற்கின்றன. இதையா நாளைக்கு அதிகாரிக்குக் காட்டுவது? நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஆய்வாளர் வருகிறார் என்றால் முதல் நாளே உடைந்த பெஞ்சையெல்லாம் பின்னால் கொண்டுபோய் ஒளித்துவிடுவோம், சுவருக்கு வெள்ளையடிப்போம், வாசலைக் கழுவிவிடுவோம். முப்பத்துநாலு வருஷம் அதை மேற்பார்வை பார்த்தவள் நான். அந்த விண்ணப்பத்தில் ‘செத்து நிற்கும் மரங்கள்’ என்று கேட்டபோதே, இதற்கு மார்க் குறைப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். பாவம், இந்த ஊமைக்கு அதெல்லாம் தெரியவில்லை, நாம்தான் பார்த்துச் செய்ய வேண்டும் என்று தோன்றிற்று.

பஸ் நிறுத்தத்து டீக்கடையில் மெஷின் ரம்பம் வைத்திருக்கிற ஆள் ஒருவரும் அரிவாளோடு இன்னொருவரும் கிடைத்தார்கள். என் கைப்பணத்தைக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனேன். நாலு மணிக்குள் ஏழு மரத்தையும் சாய்த்து, துண்டு போட்டாயிற்று. பாதை ஓரத்து முள் அரை ஏக்கருக்கு மேல் போனது. வெட்டின கட்டையைப் பெரியது, நடுத்தரம், சின்னது என்று மூன்று அடுக்காக நானே நின்று அடுக்க வைத்தேன். சாய்த்த மரங்களில் இருந்த நம்பர் நாடாக்களை அவிழ்த்து, மடித்து, அடுக்கின் மேல் வைத்து, ஒரு கல்லைப் பாரமாக வைத்தேன். அதோடு விட்டேனா? கடையிலிருந்து ஒரு துடைப்பம் வாங்கிவரச் சொல்லி, பாதையை முகப்பிலிருந்து நடுக்காடு வரை பெருக்கினேன். காட்டைப் பெருக்கினவள் இந்தப் பூமியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இடுப்பு முறிந்துபோயிற்று. ஆனால் எவ்வளவு சந்தோஷம்! அவளிடம் சொல்லவில்லை. காலையில் பார்க்கும்போது அந்த முகத்தில் ஒரு தடவையாவது ஏதாவது அசைகிறதா என்று பார்க்க ஆசை.

அசைந்தது. முகப்பில் கால் வைத்ததும் நின்றுவிட்டாள். முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ போய்விட்டது. அதிகாரி முப்பது வயதுப் பெண், பூட்ஸ் போட்டிருந்தார், கையில் எங்கள் விண்ணப்பம். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, எண்பத்தெட்டாம் நம்பர் மரம் எங்கே, அதில் பொந்து இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே என்று கேட்டார். எண்பத்தெட்டு நின்ற இடத்தில் அடிக்கட்டை இருந்தது, சுற்றிலும் புது மரத்தூள். அவர் குனிந்து தூளைத் தொட்டுப் பார்த்தார்.

“இது நேத்து வெட்டினது. யார் வெட்டினது?”

நம்பர்காரி என்னை ஒரு தடவை பார்த்தாள். ஒரே தடவைதான்.

“நான்தான் மேடம். நான்தான் வெட்டச் சொன்னேன்.”

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. முப்பது வருஷம் ஓயாமல் பேசின வாய், பேச வேண்டிய நேரத்தில் ஒட்டிக்கொண்டது. அதிகாரி கோபப்படாமல் விளக்கினார். பொந்து உள்ள செத்த மரங்களுக்குத்தான் அதிக மதிப்பெண், பறவைகள் அதில்தான் கூடு வைக்கும். புதரை அவர்கள் முதலில் படம் எடுத்து, அளந்து, அதற்குப் பிறகுதான் எடுக்கப் பணம் தருவார்கள். எடுத்து முடித்ததற்குப் பணம் தர வழியே இல்லை. பதினாலாவது நிபந்தனையைப் படிக்கவில்லையா என்று கேட்டார். படித்தோம் என்று அவள் சொன்னாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். அவள் நிறுத்தம் வந்ததும் எழுந்து இறங்கிப் போய்விட்டாள்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. விதியைத் தெரிந்தே மீறியதாக விண்ணப்பதாரர் ஒப்புக்கொண்டதால், மூன்று வருஷத்துக்கு அவர் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. அதற்கு நாலாவது நாள் அவள் என் மகள் வீட்டுக்கு வந்தாள். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். கொடுத்த டீயைக் குடித்தாள், டம்ளரைக் கழுவி வைத்தாள், பையிலிருந்து மர வியாபாரியின் சம்மதப் பத்திரத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள். அவள் இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தது. கொட்டை எழுத்து, கோட்டுக்கு வெளியே கொஞ்சம் வந்திருந்தது.

நான் விரும்பின கதவு அந்தத் தாளில் இருந்தது. எனக்கு அதைத் தொடப் பிடிக்கவில்லை.

“நான் வேணும்னேதான் பண்ணினேன்னு நெனச்சியா?” என்று கேட்டேன்.

அவள் என்னிடம் பொய் சொல்கிறவள் இல்லை.

“நெனச்சேன். ரெண்டு நாள் அப்படித்தான் நெனச்சேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் மறுபடி அங்க போனேன். பாதையில துடைப்பக் கோடு இருந்துச்சு. கெடுக்கணும்னு வந்தவங்க பெருக்குவாங்களா, அண்ணி?”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதேன். நான் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை, தம்பி போனபோதுகூட நான் மாடிக்குப் போய்த்தான் அழுதேன். ஏன் அந்த அம்மா முன்னால் பழியை உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்று கேட்டேன். வெளியாள் முன்னாடி உங்களைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டாள். அதோடு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் வன அலுவலகம் போனேன். அதே அதிகாரி. அன்றைக்கு என் தம்பி மனைவி சொன்னது பொய், வெட்டினது நான், அவள் ஊரிலேயே இல்லை, வரைபடம் வாங்கின ரசீதில் தேதி இருக்கிறது, ரம்பக்காரரையும் கூட்டிவருகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். நீங்களும் அந்த நிபந்தனையைப் படித்தீர்களா என்று கேட்டார்.

“படிச்சேன் மேடம். நான்தான் உரக்கப் படிச்சேன். பெருக்கறதும் ஒழிச்சு வைக்கறதும் வேலைன்னு எனக்குத் தெரியாது. அறுபத்துமூணு வருஷமா நானும் செஞ்சுட்டிருக்கேன், இதுவரைக்கும் யாரும் அதை வேலைன்னு சொன்னதில்ல.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார் என்று நினைக்கிறேன். பிறகு நிலைமையைச் சொன்னார். நான் எழுதிக் கொடுத்தால் தடை அவள் பேரிலிருந்து நீங்கும், ஆனால் என் பேருக்கு வந்துவிடும். நிலத்தில் பாதி என் பேரில் இருக்கிறவரை அந்த நிலத்துக்கும் மானியம் கிடையாது. மூன்று வருஷம் காத்திருந்தால் என்ன என்று கேட்டேன். இந்தத் திட்டமே அடுத்த வருஷம் விண்ணப்பம் வாங்குகிற சுற்றோடு முடிகிறது என்றார். நிலம் முழுக்க அவள் ஒருத்தி பேரில் இருந்தால் அடுத்த சுற்றில் விண்ணப்பிக்கலாம். புதரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது ஒரு வருஷத்தில் இருந்த இடத்துக்கே வந்து நிற்கும், நீங்கள் மட்டும் அதைத் தொடாமல் இருந்தால் போதும் என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் லேசாகச் சிரித்தார்.

வெட்டினது நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். ஒரு பக்கம் மூன்றாவது மாடி, ஒரு ஜன்னல், ஒரு கதவு. இன்னொரு பக்கம் வியாபாரியின் பத்திரத்தில் அவள் போட்ட கையெழுத்து. கணக்கெல்லாம் போட்டுப் பார்த்தேன், எந்தப் பக்கம் போட்டாலும் எனக்கு நஷ்டம்தான். ஆனால் ஒன்று மட்டும் தெரிந்தது. அந்தக் கதவுக்கு உள்ளே போய்ச் சாத்திக்கொண்டால், அவள் என்னைப் பார்த்த அந்த ஒரு பார்வையும் கூடவே உள்ளே வரும். அதோடு நான் தனியாக இருக்க வேண்டும். என்னால் ஆகாது. மூன்றாவது பஸ்ஸில் ஏறி வியாபாரியின் கடைக்குப் போய், விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு வாயெல்லாம் கசந்துபோயிற்று, ஆனாலும் நல்லபடியாகத்தான் பேசி அனுப்பினார்.

அடுத்த சுற்றில் மானியம் கிடைத்ததா என்று உங்களுக்கு மனசு குறுகுறுக்கும். கிடைத்தது. இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் மேலே சொல்வது எதுவும் உங்கள் காதில் ஏறாது. வேலி போட்டாயிற்று, முள் எடுத்தாயிற்று, புதுக் கன்று நட்டு எழுநூற்று முப்பதாம் நம்பர் வரை வந்திருக்கிறாள்.

ஆனால் என் பாதியை எழுதித் தருகிறேன் என்று அவளிடம் சொன்ன நாள் இருக்கிறதே! நான் என்னமோ அவள் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்துப் போனேன். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் சத்தம் போட்டாள். யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள், காட்டை வெட்டும்போதும் கேட்கவில்லை, கொடுக்கும்போதும் கேட்கவில்லை, உங்கள் ஆயுள் சம்பாத்தியத்தை வாங்கிக்கொண்டு நான் நிம்மதியாகத் தூங்க வேண்டுமா என்று பொரிந்து தள்ளினாள். அடேயப்பா, உள்ளே இவ்வளவு இருந்திருக்கிறது. நான் பதில் பேசாமல் பக்கத்தில் கிடந்த துண்டுகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன். கத்தி முடித்ததும் மூச்சு வாங்கியது அவளுக்கு. கொஞ்ச நேரம் கழித்து ஒரு நிபந்தனை போட்டாள். தம்பி அறை சும்மாதான் கிடக்கிறது. நான் அங்கே வந்துவிட வேண்டும். அந்த அறைக்குத் தாழ்ப்பாள் உண்டு, பூட்டும் உண்டு, சாவி என்னிடமே இருக்கும். இல்லையென்றால் பத்திரத்தை வாங்க மாட்டாள்.

உன்னோடு ஒரே வீட்டிலா, எனக்கு மூன்று வருஷத் தடையே போதும் என்றேன். அவள் சிரித்துவிட்டாள். அப்போதுதான் கவனித்தேன், சிரித்தால் அவளுக்கு ஒரு கன்னத்தில் குழி விழுகிறது. என் தம்பி இதை என்னிடம் சொன்னதே இல்லை.

பதிவு அலுவலகத்தில் எங்களுக்கு மூன்றாவது டோக்கன். பத்திரம் எழுதுகிறவர் வயதானவர், மூக்குக் கண்ணாடி நுனி மூக்கில். எல்லாம் தயாராக அடித்து வைத்திருந்தார். கையெழுத்துக்கு முன்னால் படித்துக் காட்ட வேண்டும் என்று, பஸ் நேரம் சொல்கிற குரலில் கடகடவென்று படித்துக்கொண்டு போனார். நாலு எல்லை, பரப்பு, பழைய பத்திரத்தின் எண். திடீரென்று அதே குரலில், “எனது தம்பியின் மனைவியாகிய தங்கள் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும், கைம்மாறு எதையும் கருதாமல்” என்று படித்தார்.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அவள் பக்கம் திரும்பவே முடியவில்லை. இந்த மாதிரி ஒரு வார்த்தையை நான் அவளிடம் சொன்னதும் இல்லை, அவள் எதிர்பார்த்ததும் இல்லை. அந்த வரி இல்லாமல் எழுத முடியாதா என்று மெதுவாகக் கேட்டேன். தானமாகக் கொடுக்கிற பத்திரம் எல்லாவற்றிலும் வருகிற வரிதான் அம்மா, அதை எடுத்தால் வேறு காரணம் எழுத வேண்டும், வேறு காரணம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். தடை, சுற்று, நிபந்தனை எல்லாம் இருந்தது. அது ஒன்றும் காரணம் இல்லை. வேறு இல்லை, அதுவே இருக்கட்டும் என்றேன்.

அவர் மேலே படிக்கப் போனார். நம்பர்காரி கையை நீட்டித் தாளின் மேல் வைத்தாள்.

“அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிங்க சார்.”

அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு விரலை வைத்துக்கொண்டு, இந்தத் தடவை நிதானமாகப் படித்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு கடைசி வரை கேட்டாள். நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.